ஆறும் வழியும்: டெர்வென்ட் பள்ளத்தாக்கின் நடைவழிகளைத் தொழில் வரலாற்றுச் சான்றாகப் படித்தல்

ஆய்வுச் சுருக்கம்

இங்கிலாந்தின் டார்பிஷயர் மாவட்டத்தில் டெர்வென்ட் ஆற்றை ஒட்டிச் செல்லும் நடைவழிகள், பதினெட்டாம் நூற்றாண்டின் நூற்பாலைகளையும் கால்வாயையும் கைவிடப்பட்ட இருப்புப்பாதையையும் இணைக்கின்றன. இவ்வழிகளுள் முதன்மையானவை நடப்போருக்கென வகுக்கப்பட்டவை அல்ல. படகை இழுத்த குதிரைக்கும், கயிற்றால் இழுக்கப்பட்ட சரக்குப் பெட்டிக்கும், ஆலைக்கு விரைந்த தொழிலாளிக்கும் அமைந்தவை. எனவே வழியின் சாய்வு, வளைவு, அகலம் ஆகியவற்றையே சான்றாகக் கொள்ள இயலும் என்பதை இக்கட்டுரை விளக்குகின்றது. அவ்வழிகள் கூறாமல் விடுவன எவை என்னும் வினாவை ஆற்றுப்படை மரபின் துணையோடு எழுப்புகின்றது.

திறவுச்சொற்கள்: டெர்வென்ட் பள்ளத்தாக்கு, கிராம்ஃபோர்டு, நூற்பாலை, கால்வாய், இழுவைப்பாதை, ஆற்றுப்படை, நீருரிமை.

முன்னுரை

தமிழில் ‘ஆறு’ என்னும் சொல் நீரோடும் ஆற்றையும் மக்கள் செல்லும் வழியையும் ஒருங்கே குறிக்கும். ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகையின் பெயரில் நிற்பது இரண்டாம் பொருள். பரிசில் பெற்று மீளும் கலைஞன், வறுமையோடு எதிர்ப்படும் மற்றொரு கலைஞனுக்குத் தான் நடந்துவந்த வழியையும், வழியிடை நிலங்களையும், அங்கு வாழ்வோரின் தொழிலையும் உணவையும் எடுத்துரைத்து வள்ளலிடம் செலுத்துவது அதன் அமைப்பு. பத்துப்பாட்டுள் சரிபாதி இவ்வகையைச் சார்ந்தது. அவற்றுள் கூத்தராற்றுப்படை எனவும் வழங்கும் மலைபடுகடாம் வழியின் இடர்களையும் மறைக்காமல் கூறுவது. வழி சொல்பவன் அவ்வழியில் நடந்தவன் என்பதே இம்மரபின் அடித்தளம்.

இன்று உலகின் பல நாடுகளில் பழைய தொழில் நிலங்கள் நடைவழிகளாக மாற்றப்பட்டு வருகின்றன. ஆலை நின்ற இடத்தில் அருங்காட்சியகமும், சரக்குப் படகு சென்ற கரையில் உலாப்பாதையும் அமைகின்றன. இவ்வழிகளிலும் ஒருவகை ஆற்றுப்படை நிகழ்கின்றது. ஆயின் சொல்பவனின் இடத்தில் கைகாட்டிப் பலகையும் விளக்கப் பலகையும் நிற்கின்றன. பலகைகளை ஒதுக்கிவிட்டு வழியை மட்டும் படித்தால் நமக்குக் கிடைப்பது என்ன? இவ்வினாவுக்கு விடை காண டெர்வென்ட் பள்ளத்தாக்கு மிகப் பொருத்தமான களம். ஆற்றுநீரால் இயங்கிய ஆலைத்தொழில், கால்வாய், தொடக்ககால இருப்புப்பாதை ஆகிய மூன்றும் ஒரு சில கிலோமீட்டர் தொலைவுக்குள் அங்கு அடுக்கடுக்காகக் கிடக்கின்றன.

களமும் நெடுவழியும்

டெர்வென்ட் ஆறு வடக்கிலுள்ள உயர்ந்த கரிமண் மேட்டில் தோன்றித் தெற்கு நோக்கிப் பாய்ந்து டிரெண்ட் ஆற்றில் கலக்கின்றது. இதன் நடுப்பகுதியில், மாட்லாக் பாத் முதல் டார்பி நகரம் வரையுள்ள ஏறத்தாழ 24 கி.மீ. நீளப் பகுதி 2001ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. லேடிபவர் நீர்த்தேக்கத்தின் அருகே தொடங்கி டிரெண்டுடன் கலக்குமிடம் வரை செல்லும் டெர்வென்ட் பள்ளத்தாக்கு மரபு வழி ஏறத்தாழ 89 கி.மீ. நீளமுடையது. வடக்கே நீர்த்தேக்கங்களையும் பெருநிலக்கிழார்களின் சோலைகளையும் கடந்துசெல்லும் பகுதி கண்ணுக்கு இனியது. நம் ஆய்வுக்கு அதிகம் உதவுவதன்று. மாட்லாக் பாத்துக்குத் தெற்கே பள்ளத்தாக்கு குறுகுகின்றது. அங்குதான் வழி பேசத் தொடங்குகின்றது.

நெடுவழியில் நடப்பவர் வடக்கிலிருந்து தெற்காகச் செல்கின்றார். வரலாறு அவ்வரிசையில் நிகழவில்லை. வழியின் தென்பகுதியில் அமைந்த டார்பி பட்டாலைதான் காலத்தால் முந்தியது. லோம் உடன்பிறப்புகளின் அவ்வாலை 1721இல் நிறைவுற்றது. கிராம்ஃபோர்டு ஆலை 1771இல் தொடங்கப்பட்டது; கால்வாய் 1794இல் முடிந்தது; மலைமேல் ஏறும் இருப்புப்பாதை 1831இல் முழுமை பெற்றது. நடைவழி நிலத்தின் வரிசையில் தருவதைக் காலத்தின் வரிசையில் மாற்றி அடுக்கிக்கொள்வது ஆய்வாளரின் பணி. அதற்குப் பலகையில் உள்ள ஆண்டைவிடக் காலடியில் உள்ள சாய்வு சிறந்த துணை.

மட்டமான வழி

கிராம்ஃபோர்டு படகுத்துறையிலிருந்து ஆம்பர்கேட் வரை கால்வாய்க்கரையில் ஏறத்தாழ 8 கி.மீ. நடக்கலாம். இத்தொலைவு முழுவதும் ஏற்றமோ இறக்கமோ கிடையாது. கீழே ஆறு சரிந்து தாழ்ந்துகொண்டே போக, கால்வாயும் அதன் கரைப்பாதையும் மலைச்சரிவின் இடுப்பைச் சுற்றிய கயிறுபோல் ஒரே மட்டத்தில் செல்கின்றன. ஆற்றுக்கும் பாதைக்கும் இடையிலான உயர வேறுபாடு தெற்கே செல்லச்செல்லக் கூடுவதை நடப்பவர் கண்ணால் அளக்கலாம்.

இம்மட்டம் அழகுக்காக அமைந்தது அன்று. கரையில் நடந்த குதிரை, கயிற்றின் மறுமுனையில் கட்டிய சரக்குப் படகை இழுத்துச் சென்றது. வண்டியில் இழுப்பதைக் காட்டிலும் பன்மடங்கு எடையை ஒரு குதிரையால் நீர்மேல் இழுக்க முடியும். நீர் அசையாமல் நிற்கவேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. வில்லியம் ஜெசப்பும் பெஞ்சமின் அவுட்ரமும் அமைத்த இக்கால்வாய், கிராம்ஃபோர்டிலிருந்து லாங்லி மில் வரை ஏறத்தாழ 23 கி.மீ. நீண்டு எரிவாஷ் கால்வாயில் சேர்ந்தது. படகை மட்டம் மாற்றி இறக்கும் 14 நீர்ப்பூட்டுகளும் அதன் கீழ்ப்பகுதியில்தான் இருந்தன. மேற்பகுதியில் பூட்டு ஒன்றும் இல்லாமல் பார்த்துக்கொள்ள, பட்டர்லி என்னுமிடத்தில் குன்றைத் துளைத்து இரண்டரைக் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளமுள்ள சுரங்கவழி அமைத்தனர். 1900இல் அச்சுரங்கவழி நிலம் தாழ்ந்ததால் மூடப்பட்ட பின்னர்க் கால்வாய் இரண்டாகத் துண்டுபட்டது. கிராம்ஃபோர்டுப் பகுதி இன்று நீரும் நாணலும் நிறைந்த இயற்கைக் காப்பிடமாக இருப்பதற்கு அந்த முறிவும் ஒரு காரணம் எனலாம்.

ஆற்றைக் கால்வாய் கடக்குமிடத்தில் விக்வெல் தொட்டிப்பாலம் உள்ளது. குமரி மாவட்டத்து மாத்தூர்த் தொட்டிப்பாலத்தைக் கண்டவருக்கு இதன் இயல்பு விளங்கும். ஆனால் இது படகும் குதிரையும் செல்லத்தக்க அகலமுடைய கல்வளைவு. கட்டிய சில ஆண்டுகளிலேயே இவ்வளைவில் விரிசல் கண்டது. ஜெசப் குறையைத் தம்முடையதென ஏற்றுச் சீர்செய்யும் செலவையும் தாமே ஏற்றார். பொறியாளரின் பொறுப்புணர்வுக்கு எடுத்துக்காட்டாக இச்செய்தி பொறியியல் வரலாற்று நூல்களில் இடம்பெறுவது வழக்கம்.

நீர் யாருடையது

நடைவழியில் மிக எளிதாகக் கண்ணுக்குத் தப்பிவிடும் செய்தி, பள்ளத்தாக்கின் வரலாற்றில் மிக முதன்மையானது. ரிச்சர்டு ஆர்க்ரைட் 1771இல் ஜெடிடையா ஸ்ட்ரட், சாமுவேல் நீட் ஆகியோருடன் கூட்டுச் சேர்ந்து கிராம்ஃபோர்டில் நீர்விசையால் இயங்கும் பருத்தி நூற்பாலையை நிறுவினார். அருகில் டெர்வென்ட் ஆறு ஓடினும் அவ்வாலையின் சக்கரத்தைச் சுழற்றியது ஆற்றுநீர் அன்று. பான்சல் ஓடையும் கிராம்ஃபோர்டுச் சுரங்க வடிகாலும் தந்த நீரே. பள்ளத்தாக்கின் சுண்ணாம்புப் பாறைகளுள் ஈயம் தோண்டியவர்கள், சுரங்கத்தில் ஊறும் நீரை வெளியேற்றக் குன்றின் அடியில் நீண்ட வடிகால்களைக் குடைந்தனர். நிலத்தின் ஆழத்திலிருந்து வருவதால் அந்நீர் கடுங்குளிரிலும் உறையாது. ஆற்றுவெள்ளம்போல் பெருகி அழிக்கவும் செய்யாது. சுரங்கத்தார்க்குக் கழிவாக இருந்தது ஆலையார்க்கு விசையாயிற்று. ஆலையைக் கடந்துவந்த அந்நீரே கால்வாய்க்கும் ஊட்டமாயிற்று. கிராம்ஃபோர்டு தெருவின் குறுக்கே செல்லும் 1821ஆம் ஆண்டு வார்ப்பிரும்புத் தொட்டியை இன்றும் காணலாம். வடிகால் நீரைச் சாலைக்கு மேலாக ஆலைக்குக் கொண்டுசென்றது அது.

ஆனால் சுரங்கத்தார்க்கு ஆழம் போதவில்லை. மேலும் கீழே கிடந்த ஈயத்தை எடுக்க, இன்னும் தாழ்ந்த மட்டத்தில் மீர்புரூக் வடிகால் குடையப்பட்டது. தாழ்ந்த வாய் திறந்ததும் மேல்வடிகாலின் நீர் அதனுள் இறங்கிவிட்டது. ஆர்க்ரைட் குடும்பம் நீதிமன்றத்தை நாடியது. ‘ஆர்க்ரைட் எதிர் கெல்’ எனப்படும் 1839ஆம் ஆண்டு வழக்கு ஆங்கிலேய நீருரிமைச் சட்டத்தில் இன்றும் எடுத்தாளப்படும் முன்மாதிரி. சுரங்கத்தின் தேவைக்காக வெட்டப்பட்ட செயற்கை வடிகாலின் நீரைப் பல்லாண்டுகள் பயன்படுத்தியவர், அந்நீர் என்றும் வந்துகொண்டிருக்கவேண்டும் என உரிமை கோர முடியாது என்பது தீர்ப்பின் சாரம். இயற்கை ஆற்றின் கரையில் இருப்பவர்க்குள்ள உரிமை, பிறர் வெளியேற்றும் நீரை ஏற்றுக்கொண்டவர்க்கு இல்லையாயிற்று.

இத்தீர்ப்பின் விளைவை நடைவழியின் மேலேயே காணலாம். 1840களில் கிராம்ஃபோர்டு ஆலையில் பருத்தி நூற்பு நின்றுபோயிற்று. அதே ஆர்க்ரைட் 1783இல் டெர்வென்ட் ஆற்றின் மேலேயே கட்டிய மேசன் ஆலையோ, 1991 வரை நூல் நூற்றது. இரண்டு ஆலைகளுக்கும் இடையே ஒரு கிலோமீட்டர் அளவிலேயே நடை. ஆயுளில் ஒன்றரை நூற்றாண்டு வேறுபாடு. வறண்ட கால்வாய்க்கு நீரூட்ட 1849இல் லீவுட் என்னுமிடத்தில் நீராவியால் இயங்கும் நீரேற்று நிலையம் எழுப்பப்பட்டது. அதன் உயர்ந்த புகைபோக்கி, விக்வெல் தொட்டிப்பாலத்தை நெருங்கும் எவருக்கும் தொலைவிலேயே தெரியும். அங்கும் நீர் தாராளமாகக் கிடைக்கவில்லை. ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருந்த ஆலைகளின் சக்கரங்கள் நிற்கக்கூடாது என்பதற்காக, சனிக்கிழமை இரவு முதல் ஞாயிற்றுக்கிழமை இரவு வரை மட்டுமே ஆற்றிலிருந்து நீர் ஏற்ற இசைவு தரப்பட்டது. வாரத்தின் தேவையை ஒரே நாளில் ஏற்றவேண்டியிருந்ததால்தான் அவ்வளவு பெரிய எந்திரம் தேவைப்பட்டது. கட்டடத்தின் பேரளவைக் கண்டு வியக்கும் பயணி, அது ஆலையாரின் ஓய்வுநாளுக்குள் அடங்கிய நீரளவின் கணக்கு என்பதை அறிவதில்லை.

எட்டுக்கு ஒன்று

லீவுட்டுக்குச் சற்று முன்னதாக ஹை பீக் சந்திப்பு உள்ளது. ஆறு, கால்வாய், 1849இல் அமைந்த இருப்புப்பாதை, நெடுஞ்சாலை ஆகியன ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு செல்லும் இவ்விடத்தில், கால்வாய்க்கரையிலிருந்து திடீரென ஒரு வழி மலைமேல் ஏறுகின்றது. அது வளையாமல் நேராக ஏறுகின்றது. எட்டடிக்கு ஓரடி உயரும் அளவுக்குச் செங்குத்தானது. இதுவரை மட்டமாக நடந்துவந்த கால்கள் இம்மாற்றத்தை உடனே உணரும். மனிதருக்கோ மாட்டுவண்டிக்கோ எவரும் இப்படி வழி அமைப்பதில்லை.

இது கிராம்ஃபோர்டு - ஹை பீக் இருப்புப்பாதையின் ஷீப் பாஸ்ச்சர் சாய்தளம். மலைக்கு அப்பால் வேலி பிரிட்ஜில் இருந்த மற்றொரு கால்வாயையும் கிராம்ஃபோர்டுக் கால்வாயையும் இணைப்பது அப்பாதையின் நோக்கம். முதலில் கால்வாயாகவே திட்டமிடப்பட்டது. சுண்ணாம்புப் பாறை நிலத்தில் உச்சிக்குப் போதிய நீர் கிடைக்காது என்பதால் இருப்புப்பாதையாக மாறியது. பொறியாளர் ஜோசையாஸ் ஜெசப், கால்வாய் அமைத்த வில்லியம் ஜெசப்பின் மகன். தந்தையின் முறையை மகன் விடவில்லை: நெடுந்தொலைவு மட்டமான பாதை, பிறகு பூட்டுத்தொடர்போல் ஒரே இடத்தில் செங்குத்தான ஏற்றம். அதன் நிலையங்கள் படகுத்துறையைக் குறிக்கும் சொல்லாலேயே அழைக்கப்பட்டன. நீரில்லாத இடத்தில் கால்வாயின் இலக்கணத்தை இரும்பில் எழுதியது போன்றது இது. ஏற்றங்களில் நிலையான நீராவி எந்திரங்கள் சரக்குப் பெட்டிகளை இழுத்தன. அவற்றுள் 1829ஆம் ஆண்டுக்குரிய எந்திரம் மிடில்டன் டாப் என்னுமிடத்தில் பாதுகாக்கப்படுகின்றது. 1888இல் கட்டறுந்த இரு பெட்டிகள் சாய்தளத்தில் உருண்டு, அடிவாரத்தில் கால்வாயையும் இருப்புப்பாதையையும் தாண்டிப் போய் விழுந்தன. அதன்பின் ஓடிவரும் பெட்டிகளை விழுங்க ஒரு குழி தோண்டப்பட்டது. பிற்காலத்தில் அதில் விழுந்த பெட்டியின் சிதைவு இன்றும் உள்ளே கிடக்கின்றது. 1967இல் மூடப்பட்ட இப்பாதை இன்று நடப்போரும் மிதிவண்டி ஓட்டுவோரும் பயன்படுத்தும் ஹை பீக் வழி.

கால்வாய்க்கரையின் மட்டமும் சாய்தளத்தின் செங்குத்தும் ஆக இரு சாய்வுகளை அடுத்தடுத்து நடந்தவர், தந்தைக்கும் மகனுக்கும் இடைப்பட்ட முப்பதாண்டுத் தொழில்நுட்ப மாற்றத்தில் மாறியதையும் மாறாததையும் உடலால் அறிகின்றார். ஏட்டுச் சான்றுகளால் இதைக் கூற முடியும். இவ்வளவு தெளிவாக உணர்த்த முடியாது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

தெருவும் சுவரும்

ஆலைக்குச் சென்ற தொழிலாளரின் வழி மிகக் குறுகியது; வீட்டு வாயிலிலிருந்து ஆலை வாயில் வரை. கிராம்ஃபோர்டில் 1776ஐ ஒட்டிக் கட்டப்பட்ட வடக்குத் தெருவின் வீடுகள் மூன்று தளமுடையவை. மேல்தளத்தில் மட்டும் நீண்ட சன்னல் வரிசை காணப்படும். பெண்களும் சிறுவரும் ஆலையில் நூற்க, ஆடவர் மேல்தளத்தில் தறியில் அமர்ந்தனர் என்பதை அச்சன்னல்களே கூறிவிடுகின்றன. ஆலை இரவும் பகலும் பன்னிரண்டு மணிநேர முறைவேலையாக இயங்கியது. இருளில் அனைத்துச் சன்னல்களும் ஒளிரும் அவ்வாலையை ஓவியர் ஜோசப் ரைட் 1780களின் தொடக்கத்தில் வரைந்துள்ளார்.

தெருவை நோக்கிய ஆலைச் சுவரோ கோட்டைச் சுவரை ஒத்தது. கீழ்த்தளத்தில் சன்னல் இல்லை. 1779இல் லங்காஷயரில் ஆர்க்ரைட்டுக்குத் தொடர்புடைய பிர்க்காக்கர் ஆலையை எந்திர எதிர்ப்பாளர்கள் தகர்த்தனர். கிராம்ஃபோர்டிலும் தாக்குதலை எதிர்பார்த்துப் படைக்கலம் திரட்டப்பட்டது. தெற்கே பெல்பரில் ஸ்ட்ரட் குடும்பத்தார் சாலையின் குறுக்கே கட்டிய இணைப்புப் பாலத்தில் துப்பாக்கி நீட்டும் துளைகள் உள்ளன. அச்சத்தின் மற்றொரு வடிவம் நெருப்பு. 1803இல் எரிந்த பெல்பர் வடக்கு ஆலையை வில்லியம் ஸ்ட்ரட் 1804இல் இரும்புத் தூண்களாலும் செங்கல் வளைவுகளாலும் மீண்டும் எழுப்பினார். பஞ்சுத்தூசி, எண்ணெய், மெழுகுவத்தி மூன்றும் ஒருங்கே இருந்த இடத்தில் மரத்தளம் நெடுநாள் நில்லாது. இன்றைய இரும்புச் சட்டக உயர்கட்டடங்களின் முன்னோடிகளுள் ஒன்றாக அவ்வாலை கருதப்படுகின்றது.

வழி கூறாதவை

இதுவரை வழியின் சான்றாற்றலைக் கண்டோம். அதற்கு எல்லை உண்டு. சாய்வும் சுவரும் சொல்வன யாவும் பள்ளத்தாக்குக்கு உள்ளே நிகழ்ந்தவை. இங்கு நூற்கப்பட்ட பருத்தியில் ஒரு பிடியும் இப்பள்ளத்தாக்கில் விளைந்ததன்று. அக்காலத்தில் அது லெவண்ட் நாடுகளிலிருந்தும், அடிமைகளின் உழைப்பால் இயங்கிய மேற்கிந்தியத் தீவுகளின் தோட்டங்களிலிருந்தும், பின்னர் அமெரிக்காவின் தென்மாநிலங்களிலிருந்தும் வந்தது. தோட்டத்தில் பஞ்சு எடுத்தவரின் காலடி இந்நடைவழியில் பட்டதில்லை. ஆதலின் வழியின் வடிவில் அவருக்குத் தடயமும் இல்லை.

தமிழ் ஆய்வாளர்க்கு நெருங்கிய மற்றொரு மறைவும் உண்டு. சோழமண்டலக் கரையிலிருந்தும் இந்தியாவின் பிற பகுதிகளிலிருந்தும் சென்ற வண்ணமெழுதிய பருத்தித் துணிகள் பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் பெருவிருப்பம் பெற்றன. பட்டு, கம்பளி நெசவாளரின் எதிர்ப்பால் 1700ஆம் ஆண்டுச் சட்டம் அத்துணிகளை உள்நாட்டில் பயன்படுத்துவதைத் தடுத்தது. 1721ஆம் ஆண்டுச் சட்டம் அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்துவதையே பெரும்பாலும் தடைசெய்தது. டார்பி பட்டாலை நிறைவுற்றதும் அதே 1721இல் என்பது நினைவுகொள்ளத்தக்கது. அக்காலத்து ஆங்கிலேய நூற்போரால் பாவுக்குப் போதிய வலிமையுள்ள பருத்தி நூலைப் போதுமான அளவில் நூற்க இயலவில்லை. பாவுக்கு ஆளிநூலும் ஊடைக்குப் பருத்தியும் இட்டே அவர்கள் நெய்தனர். ஆர்க்ரைட்டின் எந்திரம் பாவுக்கு ஏற்ற முறுக்கேறிய பருத்தி நூலைத் தந்தது. ஆயினும் முழுப்பருத்தித் துணிக்குப் பழைய சட்டங்கள் தடையாக நின்றன. அவரும் கூட்டாளிகளும் நாடாளுமன்றத்தில் முறையிட்டு 1774இல் புதிய சட்டம் பெற்றனர். இங்கிலாந்தில் நெய்யப்பட்ட முழுப்பருத்தித் துணி இதனால் விலக்குப் பெற்றது; இந்தியத் துணியிலிருந்து அதை வேறுபடுத்த, இரு ஓரங்களிலும் நெடுக மூன்று நீல இழைகள் இருக்கவேண்டும் என விதிக்கப்பட்டது. பள்ளத்தாக்கின் எழுச்சியில் நீர்ச்சக்கரத்துக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு இந்நீல இழைகளுக்கும் உண்டு. ஆனால் நீர்ச்சக்கரத்தின் குழியை நடைவழியில் நின்று பார்க்கலாம். நீல இழையைப் பார்க்க முடியாது.

பள்ளத்தாக்கிலிருந்து வெளியேறிய அறிவுக்கும் இதே நிலை. மில்ஃபோர்டில் ஸ்ட்ரட்டிடம் தொழில் பயின்ற சாமுவேல் ஸ்லேட்டர், கைவினைஞர் நாடு கடப்பதற்கு இருந்த தடையை மீறி 1789இல் அமெரிக்கா சென்று, நினைவில் கொண்டுபோன எந்திர அமைப்பை பிளாக்ஸ்டோன் ஆற்றங்கரையின் பாடக்கெட்டில் மீட்டுருவாக்கினார். அவ்வாறும் இன்று நடைவழிகளும் கால்வாய்த் தடமும் கொண்ட மரபுப் பள்ளத்தாக்கே. ஒரு பள்ளத்தாக்கின் வழியில் விடுபட்ட செய்தி மற்றொரு பள்ளத்தாக்கின் வழியில் தொடக்கமாக நிற்கின்றது.

ஆற்றுப்படையில் வழி சொல்பவன் தான் பெற்றதைக் கூறி, அது கிடைத்த இடத்தையும் காட்டுவான். டெர்வென்ட் வழியின் பலகைகள் ஆலை உரிமையாளர் பெற்றதைக் கூறுகின்றன; அது எங்கிருந்து வந்தது என்பதைப் போதிய அளவில் காட்டுவதில்லை. இக்குறையை ஈடுசெய்யப் புதுப்பலகைகள் நடுவதைக் காட்டிலும் வழியின் எல்லையை மாற்றிக் கருதுவது பயன்தரும். மரபு வழி முடியும் இடம், டெர்வென்ட் ஆறு டிரெண்டில் கலக்கும் முனை. அங்குதான் 1777இல் முடிவுற்ற டிரெண்ட் - மெர்சி கால்வாயின் கிழக்கு வாயும் உள்ளது. ஷார்ட்லோ ஊரின் பண்டகசாலைகள் அதன் கரையில் நிற்கின்றன. அக்கால்வாயின் இழுவைப்பாதை மேற்கு நோக்கித் தொடர்ந்து பிரிட்ஜ்வாட்டர் கால்வாயில் சேர்கின்றது. அன்று ரங்கார்னில் மெர்சியின் கழிமுகத்தில் இறங்கிய நீர்வழி, பஞ்சு மூட்டைகள் கப்பலிலிருந்து இறக்கப்பட்ட லிவர்பூல் துறைமுகத்தை அடைந்தது.